ஏழாவது படத்தில் இருந்த மற்ற முகம்

மகனுக்கு,

2007 மார்ச் 17, சனிக்கிழமை, காலை பத்தே கால். உனக்கு வயது இருபது நாள். உன்னுடைய முப்பத்தோராம் நாளுக்கு, துடக்கு, பிரசவத் தீட்டு, கழித்து உனக்குப் பேர் வைக்கிற நாளுக்கு, இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. அதற்குள் நான் ஒரு காரியத்தை முடிக்க வேண்டும். முடித்தேனா இல்லையா என்பது நீ இதை வாசிக்கிற காலத்தில் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது தெரியாது.

வளர்ந்த பிள்ளைக்கு அப்பாமார் இப்படிக் கடிதம் எழுதுவது வழக்கமாக அறுபது வயதுக்குப் பிறகு. எனக்கு இருபத்தேழு. அறுபது வரைக்கும் பொறுத்திருந்தால் நடந்ததை நான் அழகாக்கிவிடுவேன், என் பக்கம் நியாயம் தேடிவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன். நீ பக்கத்தில் கூடைக்குள் படுத்திருக்கிறாய். உன் அம்மா குளிக்கப் போயிருக்கிறாள்.

முதலில் புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கம்பனி, குப்பையில் வருகிற பிளாஸ்ரிக் போத்தல்களைப் பிரித்தெடுக்கிற இயந்திரத்துக்குக் கமெரா செய்கிறது. அகச்சிவப்புக் கமெரா. கண்ணுக்குத் தெரியாத ஒளியில் அது பார்க்கும். அதே கமெராவைப் பழைய எண்ணெய் ஓவியத்துக்கு முன்னால் வைத்தால் மேல் பூச்சு கொஞ்சம் விலகினது மாதிரி ஆகி, அடியில் ஓவியன் முதலில் கீறிய கோடுகள் தெரியும். ஒஸ்லோவில் ஓவியங்களைப் பழுதுபார்க்கிற ஒரு பட்டறை, இரண்டு நாளுக்குக் கமெராவும் அதை இயக்க ஓர் ஆளும் வேண்டும் என்று கேட்டது. என்னை அனுப்பினார்கள். எனக்கு ஓவியம் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் போனேன்.

அங்கே பன்னிரண்டு படங்கள் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் ஹால்ட்மியர் என்ற ஓர் ஆங்கிலப் பிரபு குடும்பத்தின் ஆட்கள். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி முந்தி ஒரு நோர்வேக் கப்பல்காரரைக் கட்டி இங்கே வந்தபோது, படங்களும் கூட வந்திருக்கின்றன. இப்போது அவளுடைய பேரப்பிள்ளைகள் அவற்றை விற்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் எது அசல், எது பிறகு பூசினது என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தங்க எழுத்தில் பேர், பட்டம், எத்தனையாவது பிரபு என்ற விபரம். படங்களோடு ஒரு வம்சாவளிப் பத்திரமும் வந்திருந்தது. தோலில் எழுதியது, மேசையில் விரித்தால் இரண்டு பக்கமும் தொங்கும். மேலே ஒருவர், அவருக்குக் கீழே மூத்த மகன், அவருக்குக் கீழே மூத்த மகன். பெண்கள் எல்லாம் ஓரத்தில் சின்ன எழுத்தில், இன்னாருடைய மகள் என்று மட்டும்.

படங்களைப் பழுதுபார்க்கிற சில்யாவுக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல பகிடிக்காரி. நான் வந்ததும் வராததுமாகக் கேட்டேன்: "எல்லாருக்கும் ஒரே மூக்கா இருக்கே, பரம்பரையா?"

"பரம்பரை இல்லை, ஓடர் குடுத்த மூக்கு," என்றாள். "தாத்தாவின்ர மூக்கைப் போடு எண்டு சொல்லித்தான் ஓவியனைக் கூப்பிடுவினம். இந்த மூன்றாவது ஆளின்ர உண்மையான மூக்கு எப்படி இருந்தது எண்டு ஆருக்கும் தெரியாது."

(நாங்கள் நோர்வேஜிய மொழியில்தான் கதைத்தோம். உனக்காக எங்கள் தமிழில் எழுதுகிறேன்.)

ஏழாவது படம் ஒரு சீமாட்டியும் அவள் மடியில் இரண்டு வயது மகனும். நீலப் பட்டு, கழுத்து நிறைய முத்து. முகம் நேராக எங்களைப் பார்க்கிறது, மடியில் பிள்ளை இருக்கிறது என்ற நினைப்பே இல்லாதது மாதிரி. பிள்ளை வலது கையைத் தூக்கி ஒரு பீச் பழத்தைப் பிடித்திருக்கிறான். பழம் காற்றில் நிற்கிறது. வடிவான படம் என்று சில்யா சொன்னாள். எனக்கு விறைப்பாகத் தெரிந்தது. கமெராவைப் பூட்டி, விளக்கைச் சரிசெய்து, திரையைப் பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். நேரம் கோப்பில் பதிவாகியிருக்கிறது.

திரையில் வேறொரு பெண் இருந்தாள்.

உடம்பு அதே உடம்பு. முகம் வேறு. மெலிந்த முகம், கொஞ்சம் வயது கூடியது, முத்துமாலை கிடையாது. தலை குனிந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிள்ளையின் கையில் பழம் இல்லை. அந்தக் கை அவளுடைய நாடியை, முகவாயை, பிடித்துக்கொண்டிருக்கிறது.

சில்யா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். விசில் அடித்தாள். "முகத்தை மாத்தியிருக்கிறாங்கள். முழுப் படத்தையும் திரும்பக் கீறுறதை விட முகம் மாத்துறது சுகம். கை மிஞ்சிப் போச்சு, அதுக்கு ஒரு பழத்தைக் குடுத்து மறைச்சிருக்கிறாங்கள்."

"இவ ஆர்?"

பத்திரத்தை விரித்தோம். அந்தப் பிரபுவுக்கு ஒரு மனைவி. ஒரு மகன். நீலப் பட்டுக்காரியின் பேர் இருக்கிறது. மற்றவளுக்கு இடமே இல்லை. முதல் மனைவியா, வேலைக்காரியா, பெற்றவளா, வளர்த்தவளா, எதுவும் தெரியாது. "இனித் தெரியவும் வராது," என்றாள் சில்யா. அவளுக்கு அது ஒரு சுவாரசியமான வேலை நாள். நான் பக்கத்தில் இருந்த பெட்டியில் குந்திவிட்டேன்.

"உனக்கு என்ன, சுகமில்லையா?"

"இதை நான் செய்திருக்கிறன்," என்றேன்.

"எதை? ஓவியமா?"

"கொம்பியூட்டரில. ஒரு படத்தில இருந்து ஒரு ஆளை எடுத்திட்டு வேற ஆளை வச்சனான்."

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "ஆரை எடுத்தனி?"

"என்னை வளத்தவவை."

திரும்பத் திரையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "உயிரோட இருக்கிறாவா?"

"ஓம். ஹம்மர்பெஸ்டில."

"அப்ப உன்ர பாடு சுகம்," என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள். "எனக்குத்தான் இவவிட்ட போய்க் கேக்க ஏலாது."

மகன், இனி நீ அறிய வேண்டியதைச் சொல்கிறேன். உன் அப்பப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறா. சரோ மாமி. உன் பேர் வைக்கிற நாளுக்காக அப்பப்பா ஒரு பெரிய வம்சாவளி அச்சடிக்கப் போகிறார், உன்னில் இருந்து ஏழு தலைமுறை மேலே, படங்களோடு, மண்டபச் சுவரில் தொங்கவிட. அதில் சரோ மாமி இல்லை. அந்தக் கோப்பைத் தயாரித்தவனும் நான்தான். அப்பப்பா தாளில் எழுதித் தந்த பேர்களைப் பெட்டி பெட்டியாகப் போட்டேன். ஒரு பேர் குறைகிறதே என்று நான் கேட்கவில்லை. தந்த தரவை உள்ளே போட்டால் வரைபடம் வரும், அவ்வளவுதான் என்று இருந்தேன்.

எனக்கு ஐந்து வயதில் எங்கள் வீடு மூன்று நாட்டில் கிடந்தது. அப்பா ஜேர்மனியில் அகதி முகாமில். அம்மா கொழும்பில் விசாவுக்கு. நோர்வேயில் வதிவிட அனுமதியோடு இருந்த ஒரே ஆள் சரோ மாமி. இருபத்துமூன்று வயது, நாட்டின் வடகோடியில் ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை. அவதான் கொழும்புக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனா. மூன்று வருஷம் நானும் அவவும் ஒரே அறையில் இருந்தோம். விடிய வேலைக்குப் போவா, பின்னேரம் வந்து எலுமிச்சம் பழத்தால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் என்னைத் தொடுவா. எனக்கு மீன் மணம் பிடிக்காது என்று ஒருநாள் நான் சொன்னதுக்காக. பள்ளிக்கூடத்தில் தருகிற படிவங்களில் தாயின் பேர் என்ற இடம் வரும். ஒவ்வொரு முறையும் என் அம்மாவின் பேரைத்தான் பெரிய எழுத்தில், பிழை இல்லாமல் எழுதுவா. தன் பேரை ஒருதரம்கூட அந்த இடத்தில் எழுதவில்லை. வகுப்பாசிரியை, "பிள்ளையோட இருக்கிறது நீர்தானே, உம்முடைய பேரைப் போடும், சுகம்" என்று சொன்னபோதும் எழுதவில்லை. "தாய் இருக்கிறா. வருவா," என்று சொன்னது எனக்கு நல்ல நினைவு.

அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். நாங்கள் ஒஸ்லோவுக்கு மாறினோம். மாமி அங்கேயே நின்றுவிட்டா. எனக்குப் பதின்மூன்று வயதாக இருக்கும்போது, தன்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியனைக் கலியாணம் செய்தா. நல்ல மனுசன். ஆனால் அவர் எங்கள் சாதி இல்லை. வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. "ஆக்கள் வேறை" என்றார்கள். அன்றோடு தொலைபேசி நின்றது. இந்த ஊரில் ஒரு தமிழரைச் சந்தித்தால் முதல் கேள்வி, நீர் எந்த ஊர். இரண்டாவது, ஊரில் எந்தப் பக்கம். மூன்றாவது, ஆரின்ர பிள்ளை. மூன்று கேள்வியில் ஆளை எடைபோட்டு விடுவார்கள். சரோ மாமியின் பேரைச் சொன்னால், அவ ஆரைக் கட்டினவ என்று நாலாவது கேள்வி வரும் என்று அப்பாவுக்குப் பயம்.

பத்தொன்பது வயதில் ஒருநாள் குறொன்லாண்டில் மரக்கறிக் கடையில் மாமியைக் கண்டேன். ஏதோ அலுவலாக ஒஸ்லோ வந்திருக்கிறா. வெண்டிக்காயை ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தா. நான் அப்பாவோடு வந்திருந்தேன். அப்பா கடை வாசலில் ஒருவரோடு கதைத்துக்கொண்டு நின்றார். மாமி என்னைப் பார்த்தா, வாசலைப் பார்த்தா, எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு காட்டிவிட்டு, நான் சங்கடப்படக்கூடாது என்று அரிசி அடுக்கியிருந்த பக்கம் போய்விட்டா. நான் போய்க் கதைக்கவில்லை. இருபது அடி தூரம்கூட இல்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் கலியாணத்துக்கு, மண்டபத்தில் பெரிய திரையில் மாப்பிள்ளையின் சின்ன வயதுப் படங்கள் ஓட வேண்டும் என்றார்கள். நோர்வேயில் என்னை எடுத்த முதல் படம் ஒன்றுதான் இருக்கிறது. தொழிற்சாலை விடுதியின் மரப்படியில், பனிக்குள், மாமியின் மடியில் நான். மாமி வேலைக்குப் போடுகிற நீல உடுப்போடு. என் கை அவவின் கழுத்துச் சால்வையைப் பிடித்திருக்கிறது. அப்பா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொம்பிளை வீட்டுக்காரர் ஆரெண்டு கேப்பினம். உனக்கு உது தெரியுந்தானே, ஒரு சின்ன வேலை, எடுத்துவிடன்." நாற்பது நிமிடம் எடுத்தது. அம்மாவின் பழைய கொழும்பு ஸ்டூடியோப் படம் ஒன்றை எடுத்து, தலையையும் தோளையும் வெட்டி, மாமி இருந்த இடத்தில் வைத்தேன். மாமியின் சால்வையை அழித்தேன். நிழல் விழுகிற பக்கத்தைச் சரிசெய்தேன், பனியின் நீல நிறத்துக்கு அம்மாவின் தோல் நிறத்தை இறக்கினேன். அதில் எனக்குப் பெருமை. அம்மா கொழும்பில் உடுத்திருந்தது காஞ்சிபுரம். அதனால் படத்தில் ஹம்மர்பெஸ்ட் பனிக்குள் பட்டுச்சேலையோடு இருந்தா. மண்டபத்தில் முந்நூறு பேர் பார்த்தார்கள். கைதட்டினார்கள். அந்த ஆங்கில ஓவியன் பிள்ளையின் கைக்கு ஒரு பழமாவது கொடுத்தான். நான் அதுவும் செய்யவில்லை. என் கை ஒன்றையும் பிடிக்காமல் பொத்தியபடி நிற்கிறது.

உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். நீயும் ஏதோ ஒன்றில் கெட்டிக்காரனாக வருவாய். அப்போது ஆட்கள் உன்னிடம் சின்ன வேலை என்று கொண்டுவருவார்கள். எப்படிச் செய்வது என்று உன் தலை உடனே ஓடத் தொடங்கும். அது ஓடுகிற வேகத்தில், செய்யலாமா என்ற கேள்வி பின்னால் நின்றுவிடும். எனக்கு அந்த நாற்பது நிமிடத்தில் மாமியின் நினைப்பு ஒருதரம்கூட வரவில்லை. நான் அவவை வெறுத்திருந்தால்கூட ஒரு விளக்கம் இருந்திருக்கும். அவ எனக்கு ஓரங்களைச் சுத்தமாக வெட்ட வேண்டிய ஓர் உருவமாகத்தான் தெரிந்தா. எனக்கு அதுதான் அதிர்ச்சி.

புதன் பின்னேரம் நேரே ஹவுகன்ஸ்டுவாவில் அப்பா வீட்டுக்குப் போனேன். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "வம்சாவளியில மாமியின்ர பேர் வரவேணும். மாமாவின்ர பேரும் வரவேணும். முப்பத்தோராம் நாளுக்கு அவைக்குச் சொல்லவேணும்," என்றேன்.

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "என்னடா, வேலையில ஏதும் பிரச்சினையே?"

ஏழாவது படத்தைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, உண்மையாகவே நிம்மதியோடு சொன்னார்: "பாத்தியே. பிரபுமாரே செய்திருக்கிறாங்கள். பெரிய குடும்பம் எண்டா உப்பிடித்தான், கொஞ்சம் சீர்செய்யத்தான் வேணும்."

நான் குற்றப்பத்திரிகை கொண்டுபோனேன். அவர் அதை நற்சான்றிதழாக வாங்கி வைத்துக்கொண்டார்.

"அப்பா, அந்தக் குடும்பத்தில ஒருத்தருக்கும் இண்டைக்கு அந்தப் பொம்பிளை ஆரெண்டு தெரியாது."

"தெரியாட்டி நல்லதுதானே? அவன்ர பேரப்பிள்ளையள் நிம்மதியா இருக்கிறாங்கள். நீயும் இரு."

அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. "தம்பி," என்றா. "அவ அந்தப் படத்தைப் பாத்தவ."

"எந்தப் படத்தை?"

"உன்ர கலியாண டிவிடி அங்கையும் போனதடா. ஆரோ குடுத்திருக்கினம். பாத்திட்டு எனக்கு எடுத்தவ. பன்ரண்டு வருசத்துக்குப் பிறகு முதல் போன்."

அப்பாவும் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தி.

"என்ன சொன்னவ?"

"கோவிக்கேல்லை. மச்சாள், உங்களுக்கு அந்தப் பனிக்குள்ள குளிரேல்லையோ எண்டு பகிடி விட்டவ. பிறகு கேட்டவ, உதை ஆர் செய்தது எண்டு." அம்மா கையைச் சேலையில் துடைத்தா. "நான் ஸ்டூடியோக்காரன் எண்டு சொல்லிப்போட்டன். அப்ப சரி எண்டவ. எங்கட பெடியன் செய்திருக்க மாட்டான் எண்டு தனக்குத் தெரியுமாம். என்னைப் பிடிச்சுக்கொண்டிருந்த கையால அவன் என்னை வெட்ட மாட்டான் எண்டு சொன்னவ."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அன்றைக்கு இரண்டாவது முறை.

"அதை அப்பிடியே விடு," என்றா அம்மா. "அவ அப்பிடி நம்பிக்கொண்டிருக்கட்டும். அது அவவுக்கும் நல்லம், உனக்கும் நல்லம்."

இதுதான் பிரச்சினை. பேரை வம்சாவளியில் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. அழைப்புச் சொல்வது ஒரு தொலைபேசி. மாமி வரக்கூடும். வந்து உன்னைத் தூக்கக்கூடும். ஆனால் நான் செய்ததைச் சொல்லாமல் உன்னை அவவின் கையில் கொடுத்தால், ஸ்டூடியோக்காரனை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிந்த மாதிரி. சொன்னால், பதினாலு வருஷமாக இந்தக் குடும்பத்தில் அவ மிச்சம் வைத்திருக்கிற ஒரே நம்பிக்கையை என் வாயால் உடைக்க வேண்டும். பிறகு அவ வராமல்கூட விடலாம். கதவைச் சாத்தினாலும் நியாயம்.

உன் அம்மாவிடம் சொன்னேன். உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்பார்த்த அளவு அவள் திடுக்கிடவில்லை. "எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள். "பனிக்குள்ள பட்டுச்சீலை. மணவறையில இருந்து பாத்துச் சிரிப்பை அடக்கினனான். கேட்டா கோவிப்பியள் எண்டு விட்டிட்டன்."

"கோவிச்சிருப்பன்தான். உன்ர வீட்டுக்காரர் இப்ப என்ன சொல்லுவினம்?"

"என்ர அப்பா ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சிருப்பார். அதை நான் பாக்கிறன். நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ." பிறகு உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்கட அம்மா சொல்லுறதைக் கேட்டு ஒளிச்சீங்கள் எண்டா, பிறகு இவனுக்கு ஒண்டும் சொல்லிக் குடுக்க வராதேங்கோ."

அதுதான் இந்தக் கடிதம், மகன். உனக்கு வீரக்கதை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. உன் அப்பப்பா கெட்டவர் என்று நினைத்துவிடாதே. முகாமில் இருந்துகொண்டு, தன் பிள்ளை தங்கச்சியோடு பத்திரமாக இருக்கிறான் என்று நிம்மதியாக நித்திரை கொண்ட மனுசன் அவர். அதை அவரே மறக்கும்படி நாலு பேரின் கேள்வி அவரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறது. எனக்கு அந்தப் பயமும் இருக்கவில்லை. நான் சும்மா செய்தேன்.

நீ முழிக்கிறாய். முடிக்கிறேன். செய்யப் போவது:

1. இன்று மதியத்துக்கு முன் ஹம்மர்பெஸ்டுக்கு விமானச் சீட்டு எடுப்பது. செவ்வாய் போய் புதன் திரும்புவது. தொலைபேசியில் சொல்வதில்லை. தொலைபேசியில் என்றால் நான் சுருக்கிவிடுவேன்.

2. வெட்டாத படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோவது. வெட்டிய கோப்பை அழிப்பதில்லை. இரண்டையும் உனக்காக ஒரே இடத்தில் வைப்பது, எதை யார் எப்போது செய்தது என்ற குறிப்போடு.

3. வம்சாவளியில் மாமி, மாமா, அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுடைய பேர்கள். பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும்.

4. அப்பா அதைத் தொங்கவிட மறுத்தால் சுவர் வெறுமையாக இருக்கும். பேர் குறைந்த பத்திரத்தை நான் அச்சடித்துத் தர மாட்டேன் என்று நாளைக்கே அவரிடம் சொல்வது. சத்தம் போடாமல் சொல்வது.

5. மாமி வருவதாக இருந்தால், முப்பத்தோராம் நாள் வாசலில் நின்று அவவைக் கூட்டிவருவது நான். யாராவது ஆரெண்டு கேட்டால், பதில் சொல்வதும் நான்.

6. முப்பத்தோராம் நாளைப் பற்றிய கதையை எடுக்க முதல், உன் படத்தைக் காட்ட முதல், ஹம்மர்பெஸ்டில் மாமி கதவைத் திறந்தவுடன், சப்பாத்தோடு நின்றுகொண்டே சொல்வது: "மாமி, அது ஸ்டூடியோக்காரன் இல்லை. நான்."